ப்ரோக்கோலிக்கு அடியில் காகிதம்

என்னங்க,

இன்றைக்கு விடிகாலையில் கிளம்பும் முதல் பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும், அதனால் உங்களை எழுப்பவில்லை. வாசல் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

இன்னொரு ப்ரோக்கோலியைப் பூப்பூவாக நறுக்கி, கழுவி, துணியில் பரப்பியிருக்கிறேன். நன்றாக உலர்ந்த பிறகு எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிசறுங்கள். ஏர் ஃப்ரையரில் நூற்றுத்தொண்ணூறு டிகிரி, எட்டு நிமிடம். குவிக்காமல் பரப்பி வையுங்கள், நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். ஓரம் லேசாகக் கருகினால் பதற வேண்டாம், மொறுமொறுப்பே அங்கேதான் இருக்கிறது.

ஃப்ரையர் கூடையில் காகிதம் மட்டும் விரிக்காதீர்கள். காற்று போக வழியில்லாமல்தான் நேற்று எல்லாம் சொதசொதவென்று ஆனது.

அதற்காக நான், "ஒரு காய வறுக்கக்கூடத் துப்பில்ல" என்று மகள் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். நீங்களும் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினியாகப் படுத்திருக்க வேண்டாம்.

இப்போது போர்வையை இழுத்துவிட்டபோது அவள் பாதித் தூக்கத்தில் சொல்கிறாள்: "கூடை தேய்ச்சுத் தேய்ச்சு உன் விரலெல்லாம் வெடிச்சுப் போச்சாம். அதான் அப்பா பேப்பர் போட்டாரு."

இதை நேற்றே சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

சூட்டோடு இரண்டு பேரும் சாப்பிடுங்கள். எனக்கு வைக்காதீர்கள், ஆறினால் துவண்டுவிடும். கூடையை நீங்களே தேய்த்துவிடுங்கள், காகிதத்தைவிட அது மேல்.

மறந்துவிட்டேன்: நேற்று நீங்கள் வறுத்ததைக் குப்பைக் கூடையில் தேடாதீர்கள். என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது.