ருக்குவின் கல்யாண மணை

மேடம் (சித்திரை) 3, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். ஒரு சாரல் விழுந்தது, மண் நனையவில்லை. ருக்கு கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கியது: வெள்ளைப் பெயிண்ட் ஒரு டப்பா, சிவப்பு ஒன்று. யுத்தத்தைச் சொல்லி இரண்டுக்குமேல் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். மறந்தது: டர்பன்டைன், ருக்கு கேட்ட ஊசி.

மணை இரண்டும் ஆசாரியிடமிருந்து வந்தாயிற்று. பலா. வழவழவென்று இருக்கிறது. கோலம் நானே போடுவதாகச் சொல்லிவிட்டேன். என் கோமதி இருந்தால், பெண் கல்யாணத்துக்கு அவள் போட்டிருப்பாள். அவள் போய் ஆறு வருஷம். மராமத்துக் கச்சேரியில் பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைகிற கை, ஒரு பலகைக்கு வரையாதா? காம்பஸ், அடிக்கோல் எடுத்து வைத்தேன்.

மேடம் 5, செவ்வாய்

லீவு கிடைக்கவில்லை. கச்சேரியிலிருந்து வந்து ஒரு மணை முடித்தேன். எட்டிதழ்த் தாமரை. ஒரு கோடு பிசகவில்லை. கொஞ்சம் கர்வம்கூட.

எதிராத்து அலமேலு மாமி வடகம் கொண்டுவந்தாள். பார்த்ததும் சிரிப்பு. "இதென்ன அண்ணா, கோலமா, ரோட்டு பிளானா?" கிட்டே குனிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயையோ, ஒத்தெ இழெயிலெ போட்டிருக்கேளே! கல்யாணத்துக்கு ரெட்டெ இழெயாக்கும். ஒத்தெ இழெ அசுபத்துக்குன்னா!"

எனக்கு நாற்பத்தாறு வயசு. தினம் வாசல் கோலத்தைத் தாண்டித்தான் போகிறேன். இழையை எண்ணியதில்லை. படத்தில் ஒரு கோடு என்றால் ஒரு கோடுதான், அந்தப் பழக்கம். வீட்டில் ஒரு பொம்மனாட்டி இருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். மாமி போனபின் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். நகத்துக்கடியெல்லாம் வெள்ளை.

மேடம் 7, வியாழன்

கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியார் வந்தார். சாமான் லிஸ்ட் நாலு பக்கம். கன்யாதானம் பற்றி நானே பேச்செடுத்தேன். தெரிந்த பதில்தான். தம்பதியாக இருப்பவர்தான் தாரை வார்க்கலாம். தண்ணீர் விடப் பெண்டாட்டி வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தம்பி மணியும் அவன் அகத்துக்காரி பட்டுவும் வந்து செய்வார்கள்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவளெ மடியிலெ உக்காத்தி வெச்சுக்கறது மட்டுமாவது நான்..."

"தாரெ வார்க்கறவா மடியாக்கும் ஓய். தம்பி மடின்னா ஒம்ம மடி மாதிரிதானே. பின்னெ என்ன?"

மாதிரியாம். பத்து வயசுக் குழந்தைக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவன் நான். சிடுக்கு எடுக்கத் தெரியாமல் அவளை அழவிட்டு, நானும் அழுது. மணி அவளுக்கு ஒரு நாள் சோறு பிசைந்து போட்டதில்லை. பாவம், அவன் என்ன செய்வான். கோபப்பட நியாயமே இல்லை. ஆனாலும் கோபம்.

ராத்திரி சாப்பாடு: ரசம் மட்டும்.

மேடம் 8, வெள்ளி

ருக்குவிடம் சொல்லியாகவேண்டும். மணையில் தூரிகையை ஓட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன்.

"சாரமில்லெப்பா" என்றாள். மனசு கலங்கினால் பள்ளிக்கூடத்து மலையாளம்தான் வரும். பரவாயில்லையாம். கிணற்றடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கப்பி சத்தம். தொட்டி வழிந்து தண்ணீர் சமையலறைப் படிவரை வந்துவிட்டது.

இரட்டை இழை சிரமம். காம்பஸை மூடிவைத்துவிட்டுக் கையாலேயே இழுத்தேன். அங்கங்கே கோணல். "இப்பொ கோலமாட்டம் இருக்கு" என்றாள் மாமி.

மேடம் 11, திங்கள்

நேற்று மணி, பட்டு வந்து சேர்ந்தார்கள். இன்று சுமங்கலிப் பிரார்த்தனை. கோமதிக்குப் புதுப் புடவை, நனைத்துக் காயவைத்துக் கொசுவி, நான் கோலம் போட்ட மணைமேல் வைத்தார்கள். முன்னால் இலை. வடை, சுகியன், பாயசம். பெயரைச் சொல்லி அவளை வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பெண்டுகள் பூஜை. கூடத்தில் எனக்கு வேலையில்லை. ரேழியில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்தேன். போனவளுக்கு இலையும் மணையும் உண்டு. இருக்கிறவன் வெளியே. செத்தவள்மேல் பொறாமைப்பட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் நிஜம்.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ருக்கு வந்து நமஸ்காரம் பண்ணினாள். ஆசீர்வாதம் பாதியில் மறந்துபோயிற்று.

மணி பின்கட்டுக்கு வந்தான். "அண்ணா, எனக்கு மனசு ஒப்பலெ. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"அசடு. நீ மாட்டேன்னா யார் குடுப்பா அவளெ?"

சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் பார்க்காத மாதிரி துணி துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேடம் 14, வியாழன்

மத்தியானம். எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்கள். மழை. பந்தல் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

முகூர்த்தம் ஒன்பதுக்கு. நான் பின்னால், பந்தல் கால் ஓரம். ருக்கு மணி மடியில். பக்கத்தில் பட்டு, கையில் தண்ணீர்க் கிண்டியோடு. வாத்தியார் வம்சம் சொல்ல ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தா பெயர், தாத்தா பெயர், அப்புறம் "சங்கரநாராயண சர்மண: புத்ரீம்".

என் பெயர், என் பெண் என்று. யார் தாரை வார்த்தாலும் பெற்றவன் பெயர்தான் சொல்லவேண்டுமாம். எத்தனையோ கல்யாணத்தில் காதில் விழுந்திருக்கும், கவனித்ததில்லை. வாத்தியாரும் முன்னால் சொல்லவில்லை. மேளம் நின்றிருந்தது, தெருக்கோடிவரை கேட்டிருக்கும். மூன்று தடவை சொன்னார்.

மூன்றாம் தடவை ருக்கு தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினாள். என்ன தோன்றிற்றோ, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தூக்குவதுபோல் கையைத் தூக்கிவிட்டேன். பார்த்துவிட்டாள். "இங்கெ பாரு கொழந்தே" என்று வாத்தியார் அதட்டுகிறார், அவள் என்னையே பார்க்கிறாள்.

கையை இறக்க மறந்து நின்றிருக்கிறேன். பானகம் கேட்கிறேன் என்று நினைத்துப் பரிசாரகர் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.