கலைவாணிக்குப் பதின்மூன்று கிலோ

ஜனவரி 20, திங்கள்

பொருந்திவிட்டது. ரத்தம், திசு, இன்னும் பெயர் வாயில் நுழையாத ஏழெட்டு டெஸ்ட், எல்லாமே எனக்கும் என் தங்கை கலைவாணிக்கும் பொருந்திவிட்டது. என் கிட்னியில் ஒன்றை அவளுக்கு வைக்கலாம். பத்தாவதில் கணக்கில் தவறியதற்குப் பிறகு நான் தேறிய முதல் பரீட்சை இதுதான்.

ஒரே ஒரு பேப்பரில் ஃபெயில். எடை. 97 கிலோ இருக்கிறேன். 84-க்குள் வந்தால்தான் ஆபரேஷன் என்று சென்னை டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவ்வளவு பாரத்தோடு கொடுத்தால் கொடுக்கிறவனுக்கே ஆபத்தாம். கலைவாணி மூன்று வருடமாக வாரம் இரண்டு தடவை விழுப்புரம் போய் டயாலிசிஸ் மிஷினில் படுக்கிறாள். இன்னும் ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது என்று அவள் காதில் விழாமல் சொன்னார்.

சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இன்று: இட்லி 4.

பொய். 7.

ஜனவரி 21

அமலாவிடம் சொன்னேன். "ஒரு ஆளுக்கு ஒன்னு போதுமா?" என்று கேட்டாள். போதும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவங்களுக்கு இன்னா, சொல்லுவாங்க" என்றாள். அப்புறம் பரண்மேல் ஏறிச் சின்னக் குண்டானை இறக்கிக் கழுவினாள். "இனிமே மூணு பேருக்கும் சோறு இதுலதான். எடுத்துப் போட்டுக்கற வேலையெல்லாம் வாணாம், நான் போடறதுதான் அளவு."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன சம்மதம் இவ்வளவு சத்தமாக இருந்ததில்லை. குண்டானைத் தேய்த்த தேய்ப்பு அப்படி.

ஜனவரி 27

காலை ஐந்தரைக்கு மகள் வெண்மதி எழுப்பிவிடுகிறாள். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். பிளஸ் டூ பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே முன்னால் போகிறாள். "நைனா, மூச்சு வாங்கினா நின்னுக்கோ. டீக்கடை வந்தா நிக்கக்கூடாது."

பெற்ற பிள்ளைக்கு என் வீக்னஸ் எல்லாம் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 3

இன்று மண்டியில் பெரிய கூத்து. நானும் விநாயகமும் பதினேழு வருடமாக அங்கே நெல் மூட்டை எடை போடுகிறவர்கள். விஷயத்தைச் சொன்னதும் அவன் என்னைப் பிடித்துத் தராசில் ஏற்றிவிட்டான். மிஷினின் முகம் எப்போதும் அவன் பக்கம்தான் இருக்கும். அவன் எண்ணைக் கூவுவான், நான் எழுதுவேன். இன்றும் கூவினான்.

"ஏறுடா பீமா. தொண்ணூத்தி நாலு எண்ணூறு! ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்குது, நல்லாக் காய வச்சி எடுத்தாங்க."

என் பெயர் பீமாராவ். அப்பா அம்பேத்கரை நினைத்து ஆசையாக வைத்தது. இவனுங்க உடம்பைப் பார்த்துச் சுருக்கிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல்! எண்ணைத் தூணில் சாக்பீஸால் எழுதிவிட்டான். இனி திங்கள்தோறும் எடையாம். பத்து மணி போண்டா வந்ததும் லோடுமேன்களைப் பார்த்து, "இவன் எதிர்ல எவனும் துன்னக்கூடாது. லாரிக்குப் பின்னால போங்கடா" என்றான். அத்தனை பேரும் போனார்கள். வாசனை மட்டும் போகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கலைவாணி வீட்டுக்கு மேல்சித்தாமூர் போனோம். கறிக்குழம்பு வைத்திருந்தாள். தான் ஒரு வாய் தொட முடியாது, எனக்காக வைத்திருக்கிறாள். "என்னால நீ பட்டினி கெடக்கிற, பாக்க சகிக்கல" என்று கண்ணைத் துடைத்தாள். அமலா ஒரு கரண்டி போட்டுவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அவரு பட்டினியா? காலைல மூணு களி உருண்டைம்மா."

மாட்டிவிட்டாள்.

தூணில் 91.

ஏப்ரல் 14

அம்பேத்கர் பிறந்தநாள். தெருவில் பிரியாணி. நான் பரிமாறினேன். பரிமாற மட்டும் செய்தேன். இதை நம்ப டைரிக்குக்கூடக் கஷ்டமாக இருக்கும்.

மே 19, திங்கள்

எண்பத்து மூன்று எண்ணூறு!!

விநாயகம் கூவியதும் மண்டியே விசில் அடித்தது. நெல் கொண்டுவந்த விவசாயி ஒருவர் என்ன லாட் என்று புரியாமல் அவரும் கை தட்டினார். கலைவாணிக்குப் போன் போட்டேன். "நெசமாவாண்ணா?" என்று மூன்று தடவை கேட்டாள். 22-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டால் 28-இல் ஆபரேஷன்.

மே 22

85. ஆஸ்பத்திரி மிஷின்ல 85.

செருப்பைக் கழட்டினேன், பெல்ட்டைக் கழட்டினேன், மறுபடியும் ஏறினேன். 85தான். அந்தத் தேதி போச்சு. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அடுத்தது ஜூன் 18தானாம். பக்கத்துல கலைவாணி உக்காந்திருக்கிறா, அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?

வராண்டாவில் நின்று விநாயகத்துக்குப் போன் போட்டேன். எப்படிடா எடை போட்ட?

"வழக்கமா போடறாப்பலதான்டா. சாக்குக்கு ஒரு கிலோ எரநூறு கழிச்சி—"

"நான் மூட்டையாடா?"

"சட்டை, லுங்கி இருக்குதேன்னு... இல்லடா. நெனைக்கவேயில்ல. கண்ணு பாத்ததும் வாய் தானா கழிச்சிடுது."

நாலு மாசமா ஒவ்வொரு திங்களும் கழிச்சிருக்கான். கண்டபடி திட்டிட்டேன். நான் கூவியிருந்தாலும் கழித்துத்தான் கூவியிருப்பேன் என்பது பஸ்ஸில் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கலைவாணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "மிஷின்ல படுத்தா நாலு மணி நேரத்துல எனக்கு ரெண்டு கிலோ எறங்குது. உனக்குத்தான் வக்கில்லை." சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

மே 23

காலையில் கதவைத் திறந்தால் விநாயகம். மகனுடைய ஸ்கூல் ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஆளே துடைப்பக்குச்சி மாதிரி. அவன் நடந்து எதைக் குறைக்கப் போகிறான்?

"நீ எளைச்சா அங்க ஒத்துக்குவாங்களாடா?"

"வாய மூடிக்கினு நட."

நடந்தோம். வெண்மதி வழக்கம்போல முன்னால். பாதி வழியில் அவனுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.

ஜூன் 2

மிஷினின் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டான். லுங்கி, சட்டை, சட்டைப் பையில் இருந்த பேனா, எதையும் கழிக்கவில்லை. 83.900. இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. லோடுமேன் ஒவ்வொருவராக வந்து குனிந்து எண்ணைப் படித்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 12

ஆஸ்பத்திரி மிஷின்: 83.1. டாக்டரம்மா கை குலுக்கினார். குலுக்கிய கையை ஊர் வரும்வரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 17

நாளை. அமலா என் பக்கத்தில் உட்கார்ந்து என் இடது விலாவின் மேல் கை வைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 25

ஆபரேஷன் முடிந்து என்னை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இரண்டு நாளாக ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு ரூமில் இருக்கிறோம். கலைவாணி இன்னும் உள்ளே தனி வார்டில். காலையில் அவளே போன் செய்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"உன் கிட்னி மனுஷிய படுக்க வுடுதாண்ணா? அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் ஓடறேன். அது பத்தாதுன்னு இந்த நர்சம்மா மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்னு பாட்டிலோட நிக்குது. குடிச்சிக் குடிச்சி எனக்குச் சலிச்சிப் போச்சி, போ."

மூன்று வருடமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று டம்ளரில் அளந்து குடித்தவள்.

சிரித்தால் தையல் இழுக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று போனை வைக்காமல் இருந்தேன்.