ஓரத்து சீசன்

செரெபோவெத்ஸ், 4 நவம்பர் 1987

அன்புள்ள வேன்யாவுக்கு,

நலம். லீதாவின் இருமல் விட்டுவிட்டது. மீன் கடை வரிசையில் இன்னும் எனக்கு வழி விடுகிறார்கள். "நம்ம வேன்யா பொண்டாட்டி, முன்னாடி போகட்டும்." படிக்கட்டுச் சுவரில் யாரோ உன் ஆட்டச் சட்டையின் ஐந்தாம் எண்ணைப் பச்சையில் எழுதிவிட்டார்கள். கூட்டுகிறவள் அழிக்க மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டதற்கு லீதா, "டிவியில இருக்காரு" என்றாளாம்.

ஐஸ் ஹாக்கி பள்ளியில் பயிற்சியாளர் வேலையை உனக்காக ஏப்ரல்வரை வைத்திருக்கிறார்கள். 'கடைசி' என்று சொன்னால் கால் முறியும் என்று பயந்து ஆட்டக்காரர்கள் நீங்களெல்லாம் 'ஓரத்து' என்பீர்களே, போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் ஓரத்து சீசன்தான் என்றாய். அந்த ஓரம் எங்கேதான் இருக்கிறது?

உன் தயா

கபரோவ்ஸ்க், 20 ஜனவரி 1988

என் தயாவுக்கு,

முழங்காலில் வாராவாரம் நீர் எடுக்கிறார்கள். எதிரணியைத் தடுக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். இப்போது களத்தில் தென்பட்டால் போதும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பயிற்சியாளர், "போய் மூஞ்சியக் காட்டிட்டு வா, கிழவா" என்கிறார். கூட்டம் எழுந்து நின்று வேன்யா, வேன்யா என்கிறது. நான் திரும்புவதற்குள் எதிரணிப் பையன் கோல் போட்டுவிடுகிறான். அப்போதும் வேன்யா என்றுதான் கத்துகிறார்கள். வெட்கமாக இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மார்ச்சில் வந்துவிடுவேன். இது ஓரத்து சீசன்.

உன் வேன்யா

செரெபோவெத்ஸ், 8 பிப்ரவரி 1988

வேன்யா,

அந்தச் சொல்லை எழுது. 'கடைசி' என்று ஒரே ஒரு தடவை. கால் முறிந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் நீ நம்ம வேன்யா, எனக்கு மட்டும் தபால்காரி கொண்டுவருகிற வேன்யா.

தயா

கபரோவ்ஸ்க், 15 மார்ச் 1988

என் தயாவுக்கு,

எனக்கு விழா எடுத்தார்கள். ஒரு ஃபிரிட்ஜ் பரிசு. விடைபெறலாம் என்றுதான் மைக்கைக் கையில் வாங்கினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், "எங்கள விட்டுட்டு எங்கடா போற?" என்று அழுதார். அரங்கம் முழுக்க என் பெயர். இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளி வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். கோபித்துக்கொள்ளாதே. சத்தியமாக இதுதான் ஓரத்து சீசன்.

வேன்யா

செரெபோவெத்ஸ், 2 ஏப்ரல் 1988

அன்புள்ள வெனியமினுக்கு,

பயிற்சியாளர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். தள்ளிப்போடச் சொல்லி நான் போய்க் கேட்கவில்லை. படிக்கட்டுச் சுவரை நேற்று நானே தேய்த்துக் கழுவினேன். "என்னம்மா, இப்படிப் பண்ணிட்டியே" என்று கூட்டுகிறவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, தோள்தான் வலித்தது.

லீதாவுக்கு நீ எப்போது வேண்டுமானாலும் எழுது, படித்துக் காட்டுகிறேன். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஈரத்தோடு கட்டாதே.

இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். கடைசி என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுப் பார்த்தேன், கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

தயீசியா