வென்ற அளவு வரை

ஹந்தானை
09.03.2025

அன்புள்ள எஸ்ரன்,

இன்று நான் சொல்லாமல் விட்டது இது. பூசை முடிந்து வெளியே வந்ததும் சூசையம்மா மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மாப்பிளைக்கு ராசியான கை புள்ள. அமெரிக்கா போனதும் லொத்தருல, காசு உழுந்ததும் லொத்தருல" என்றார். விசா விழுந்ததுதான் லொத்தரில், காசு விழுந்தது சூதாட்ட விடுதியின் மெஷினில் என்று நான் சொல்லவில்லை. அது விழுவதற்கு முன்னால் எத்தனை தடவை விழாமல் போனது என்று எனக்கே தெரியாது என்பதையும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

நம்முடைய முதலாவது கலியாண ஓலையை இன்று பூசையில் வாசித்தார்கள். இரண்டு பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஃபாதர் கேட்டபோது பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பின் வரிசை வாங்குகளை மூடியிருந்தது. யாராவது எழுந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. கலியாணத்துக்கு முன் இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க இருக்கிறது.

போனில் நீங்கள் வரியைப் பற்றிக் கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்தார். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். கண்டியில் எங்கள் ஒஃபிஸில் நாள் முழுக்க அமெரிக்காக்காரர்களின் வரிக் கணக்குத்தானே பார்க்கிறோம், எனக்கு இது பழகிய வேலை. சூதில் வென்றதும் வருமானம். விடுதி அதை அரசாங்கத்துக்கு அறிவித்திருக்கும். மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆனால் அதே வருடத்தில் தோற்றதைக் கழித்துக்கொள்ளலாம், வென்ற அளவு வரை மட்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். மெஷினில் செருகும் உங்கள் விளையாட்டு அட்டைக்கு விடுதி தரும் வருடக் கணக்கையும், போனில் நீங்கள் குறித்து வைத்திருப்பதையும் எடுங்கள். எந்த நாள், எந்த இடம், கூட யார் என்று, கூட்டாமல் குறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.

வரும் செவ்வாயும் அப்பா அந்தோனியார் கோயிலில் ஏழைகளுக்கு நேர்ச்சைப் பாண் கொடுக்கப் போகிறார். நீங்கள் வென்றதற்கான நன்றி இன்னும் தீரவில்லையாம்.

குளிருக்குத் தொப்பி போடுங்கள்.

அன்புடன்,
ஷிரோமி


நியூ ஜேர்சி
12.03.2025

என் ஷிரோவுக்கு,

எழுத உட்கார்ந்தால் கனவைச் சொல்வது மாதிரி இருக்கிறது. அங்கே ஜன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. தரை முழுக்க நீலக் கம்பளம், அதில் மஞ்சள் மீன்கள். மீன்மேல் கால் வைக்கக் கூடாது என்று ஒரு எண்ணம் எனக்கு. விலகி விலகி நடப்பேன்.

போன வருடம் ஜனவரியில் ஒரு நாள் பனி கொட்டி நான் வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டை மூடிவிட்டார்கள். விடுதி பஸ்ஸில் சும்மா ஏற்றிப் போனார்கள். கூட ஷெட்டில் வேலை செய்யும் கிருஷ்ணராஜ். கடல் வெள்ளையாக இருந்தது. தோற்றேன். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று தனியாகப் போனேன். தோற்றேன். மே மாதம் உன் பிறந்தநாளில் உன்னோடு பேசிக்கொண்டே ஆடினேன். பின்னால் மணிச் சத்தம் கேட்கிறதே, கோயிலா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அன்றும் தோற்றேன்.

மற்ற நாட்களெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. அட்டைக் கணக்கு என்னிடம் பத்திரம், யாரும் கேட்டால் காட்டுவேன். ஜூலையில் வென்றதும் மொத்தமாகத் தோற்றதும் சரிக்குச் சரி வந்துவிட்டது பார்த்தாயா? அரசாங்கத்துக்கு இவ்வளவு உண்மையை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உன்,
எஸ்ரன்


ஹந்தானை
16.03.2025

அன்புள்ள எஸ்ரன்,

உங்கள் கடிதத்தைக் கீழே இறங்கும் பஸ்ஸில் வாசித்தேன். அன்று இரவு அந்த மஞ்சள் மீன்கள் கண்டி வாவியில் நீந்துவதாகக் கனவு. அப்பா கரையில் நின்று அவற்றுக்குப் பாண் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். தின்னத் தின்ன வாயைத் திறந்தன.

அந்த மணிச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கோயிலில் இருக்கிறீர்கள் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதை விடுங்கள்.

வென்றதும் தோற்றதும் சதம் பிசகாமல் ஒன்றாக இருக்கிறது. யாருடைய வருடமும் அப்படி முடிவதில்லை. உங்கள் தாள் ஓகஸ்டில் நிற்கிறது; வருடம் டிசம்பர் வரை போனது. படிவத்துக்கு இது போதும். வென்ற அளவுக்கு மேல் எவ்வளவு போனது என்று சட்டம் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். தொகை வேண்டாம். இன்னும் அங்கே போகிறீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. வரும் ஞாயிற்றுக்கு முன் எழுதுங்கள்.

ஷிரோமி


நியூ ஜேர்சி
20.03.2025

ஷிரோ,

நீ என்ன இன்கம் டெக்ஸ் ஒஃபிசரா? அவர்களே கேட்காததை நீ கேட்கிறாய். அந்தப் படிவத்தில் அதை எழுத இடமே இல்லையே.

கலியாணம் முடிந்து நீ இங்கே வந்தால் எல்லாம் சரியாகிவிடும். தனியாக இருப்பவனுக்கு எங்கேதான் போக்கிடம்? உங்கள் வீட்டுத் தகரத்தை எடுத்துவிட்டுக் கொங்கிறீட் கூரை போடவேண்டும் என்று எப்போதும் நினைக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை விழட்டும், மாமாவுக்கு அதை முடித்துக் கொடுக்கிறேன். அவரை விடாமல் பாண் கொடுக்கச் சொல்.

கோபமா? கோபப்பட்டாலும் எழுது.

எஸ்ரன்


ஹந்தானை
23.03.2025

அன்புள்ள எஸ்ரன்,

கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று எங்கள் கூரைக்குள் அதை வைத்து அனுப்பியிருந்தீர்கள்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையை மட்டும் அல்ல, முன்னும் பின்னும் உள்ளதையும் சொன்னேன். அவர், "தொலைஞ்சதத் தேடிக் குடுக்குற சாமிகிட்டப் போயி, கெடச்சிருச்சின்னு பாண் குடுத்துக்கிட்டு நின்னுருக்கேன் பாரு" என்றார். என்னைத் திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஃபாதரிடம் என்கூட வந்தார்.

"தடை என்ன என்று நான் எழுதட்டும், மகள்?" என்று ஃபாதர் கேட்டார். ஓலையை நிறுத்தினால் போதும் என்றேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. நம் பெயர் இருந்த தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

உங்கள் வரிப் படிவத்தை முடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கையொப்பம் வைத்து ஏப்ரல் பதினைந்துக்கு முன் அனுப்பிவிடுங்கள். நீங்கள் அதில் எழுதியவை உண்மை என்று நம்புகிறேன்.

மூன்றாவது ஓலை இன்று வாசிக்கப்படவில்லை.

ஷிரோமி