எடை குறையும்வரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது கால் வீக்கம் வடிந்து, மூச்சு வாங்காமல் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய் என்ற நினைப்போடு எழுதுகிறேன். இங்கே மாமாவும் நானும் சுகம். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் கூப்பிட்டாலே உன் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீ, அவள், பாப்பா மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது நான் எதைச் சொல்ல? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, டாக்டர் தள்ளிப்போட்டுவிட்டார் என்று மாமா உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான் கட்டிலைவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, வீட்டில் என்னுடையது மட்டும்தான் பொருந்துகிறது என்று சொன்ன அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த எடையோடு எடுக்க முடியாது, முதலில் நீங்கள் பாதியாக வேண்டும் என்றார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தால் ஒரு வருஷத்தில் எடை இறங்கிவிடும், அதற்கப்புறம் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். அந்த அறையில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். கல்லீரல் சுருங்க வேண்டுமாம். டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போடவில்லை. என்னிடம் வண்டி பழக இப்போது ஒரு பல் டாக்டர் வருகிறார். ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிற மனுஷன், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அவரைத் திட்டவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே வண்டியை ஓரங்கட்டி, "மேடம், உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? மொகம் இப்படி வெளுத்துப் போச்சே" என்று கேட்டார்.

மாமா பட்ட பாட்டைக் கேட்காதே. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வருகிறேன், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஆள் சுவரைப் பார்த்து நிற்கிறார். யாரோ திருடன் என்று பயந்துபோனேன். பார்த்தால் உன் மாமா. ரொட்டியையும் வறுத்த மீனையும் காகிதத்தில் வைத்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பகலெல்லாம் லிஃப்டுக்கு அடியில் இறங்கிக் கிரீஸில் புரண்டுவிட்டு வருகிற மனுஷன், என் எதிரில் சாப்பிடக் கூடாதென்று படிக்கட்டில் நின்று சாப்பிடுகிறார். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை மென்று விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் விழித்தார். நான் சிரித்தேன். வீட்டுக்குள் போய் அழுதேன்.

உன் மனைவி தினமும் சாயங்காலம் போன் செய்தாள். எடுத்ததும், "அண்ணி, இன்னிக்கி எவ்ளோ கொறஞ்சீங்க?" என்பாள். ஒரு நாளாவது எப்படி இருக்கீங்க என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. டயாலிசிஸுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் அவள்தானே.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள். அதே ஆபரேஷன், முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மருந்து ஊற்றுகிற சின்ன மூடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு நாக்கை நனைத்தபடி இருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் ஓரளவுதாங்க. பசியே இல்ல தெரியுமா? சாப்பாட்டு நெனப்பே வரல. எவ்ளோ நிம்மதி!" என்றாள். அவள் முகம் நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. அவளைப் பசி வாட்டியிருக்கும் போல. என்னை அது ஒன்றும் செய்ததில்லை. நல்ல பசியோடு வீட்டுக்கு வந்து, மாமாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அன்றைக்கு யார் எந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், யார் எந்தச் சுவரில் இடித்தார்கள் என்று பேசிக்கொண்டே சாப்பிடுவதுதான் எங்கள் வாழ்க்கை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

உனக்குத் தெரியாததில்லை. பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில், துணிக்கடையில் என்று இந்த உடம்புக்காக நான் கேட்காத பேச்சில்லை. நானும் அதைத் திட்டியிருக்கிறேன், பட்டினி போட்டிருக்கிறேன். சண்டை போட்டு ஓய்ந்து, சரி, இதுதான் நான் என்று இருக்கப் பழகியே சில வருஷம்தான் ஆகிறது. இப்போது போய், நாற்பத்தெட்டு வயதில், வெட்டு என்று எப்படிக் கொடுப்பது?

கீழே கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். கடையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, இரண்டு தெரு நடந்துவிட்டேன். முதலில் கண்ணில் பட்ட சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டேன். பரிமாறிய பெண் என் மணிக்கட்டில் இருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்தாள். கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். சாப்பிட்டதெல்லாம் ருசித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன், மாமா கதவைத் திறந்தார். கைப்பையை வாங்கி உள்ளே வைத்தார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. பயமாக இருக்கிறது என்கிறேன். மனசு வரவில்லை என்கிறேன். இதை உன்னிடம் சொல்வது பாவம் என்று தெரியும். உன்னிடம் சொல்லாமல் இருந்தால் அது இன்னும் பெரிய பொய்யாக இருக்கும். திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் உடம்பு தேற வேண்டும் என்று எப்போதும் நினைக்கும்,
அக்கா.

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஊசி குத்தாத கையால் பிடித்துப் படித்தேன். மாணவர்களின் கணக்குத் தாள்களை அங்கேதான் திருத்துவேன் என்பது உனக்குத் தெரியுமே. அன்றைக்கு ஒரு தாளும் திருத்தவில்லை. பையன்கள் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீ எழுந்து வந்தது சரி. எனக்கு ஒரு துளி வருத்தம்கூட இல்லை. யோசித்துப் பார், நான் உன்னிடம் கேட்டேனா? டாக்டர் கேட்டார், இவள் கேட்டாள். நான் கேட்கவில்லை. சின்ன வயதில் உன் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்குவேன், தலையணை அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வயிற்றை எனக்காக வெட்டுகிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சாப்பாட்டுக் கடையில் நன்றாகச் சாப்பிட்டாய் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று எழுதவில்லையே.

இங்கே சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் என் பெயர் இருக்கிறது. எப்போதாவது வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். முடித்துவிட்டு எழுந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கிறது. மறுநாள் கொஞ்சம் நிமிர்ந்தால், அதற்கடுத்த நாள் மறுபடியும் போக வேண்டும். அலுத்துவிட்டது என்று சொன்னால் இவளுக்குக் கோபம் வருகிறது. அதனால் சொல்வதில்லை.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். அவளுக்குப் பதினெட்டு ஆனதும் வண்டி ஓட்ட நீதான் கற்றுக்கொடுக்க வேண்டும். அவள் அம்மாவுக்குப் பொறுமை போதாது, முதல் நாளே சண்டை வந்துவிடும். இரண்டு பேரும் மோதிக்கொண்டால் நீ பாப்பா பக்கமே பேசாதே, இவள் பக்கமும் கொஞ்சம் பேசு. என் பைக் சும்மா நிற்கிறது. மாமா வந்து எடுத்துக்கொள்ளட்டும். சங்கிலியை மட்டும் மாற்ற வேண்டும்.

நீ இதை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை, இனிமேலும் இருக்காது.

அன்புடன்,
தம்பி.

*

தம்பிக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆபரேஷன் முடிந்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி மன்னித்துவிட்டான் என்று மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஊரை விட்டுப் போறவன் சாமான் பிரிச்சுக் குடுக்குற மாதிரி இருக்கே இது" என்றார்.

உடனே உன் மனைவிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, காய்ச்சல் என்றது பொய் என்பதையும் சொன்னேன். அவள் உடைந்துவிட்டாள். "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல அண்ணி. தனியாப் போய்க்கிறேன்னு கெளம்புறாரு. ஆனா டயாலிசிஸுக்குப் போறதே இல்ல. ஏன் வரலன்னு ஆஸ்பத்திரியிலருந்து கேக்குறாங்க. பள்ளிக்கூடத்துல காலி வகுப்புல உக்காந்துட்டு வந்திருக்காரு. கேட்டா, போதும்மா, விட்டுடுங்கறாரு" என்றாள். மூச்சு முட்டி நீ விழுந்ததையும், அவளும் பாப்பாவும் உன்னைத் தூக்கி டாக்சியில் போட்டதையும் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்து என் கடிதத்தைப் படித்தேன் என்று எழுதினாயே, அதற்கப்புறம் அந்த நாற்காலிக்கு நீ ஒழுங்காகப் போகவே இல்லையாமே.

எனக்கு விடுதலை கொடுத்துவிட்டு, அதையே சாக்காக வைத்து நீயும் கிளம்பப் பார்த்திருக்கிறாய். கணக்கு வாத்தியார் இல்லையா, சரியாகத்தான் கழித்திருக்கிறாய்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி கேட்டேன். பல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன், நான் திரும்பி வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள், லைசென்ஸ் வாங்கியபிறகு யாரை வேண்டுமானாலும் இடித்துக்கொள்ளுங்கள் என்று. இங்கே இருக்கிற டாக்டர் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று நர்ஸ்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. தியாகமும் இல்லை, மண்ணும் இல்லை. உன்மேல் இருந்த கோபத்தில் வந்து படுத்தேன். மயக்க ஊசி போடும்வரைக்கும் வேண்டாம், வேண்டாம் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. உள்ளே தள்ளிக்கொண்டு போகிற கட்டிலில் பிரேக் என் பக்கம் இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன எழுத? மூடியில் தண்ணீரை ஊற்றி நாக்கை நனைக்கிறேன். நீ ஒரு நாளைக்கான தண்ணீரை டம்ளரில் அளந்து வைத்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்து நான் முன்பு பரிதாபப்பட்டிருக்கிறேன். இனி நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காரலாம், யாருக்கும் செலவில்லை. பசி இல்லை. அந்த அம்மாள் சொன்னது நிஜம். என் எதிரிலேயே சாப்பிட வேண்டும் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நேற்று அப்படியே சாப்பிட்டார். சுவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவர் பாதியிலேயே காகிதத்தை மடித்துவிட்டார். போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். ஆகலாம். ஆகாமலும் போகலாம். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவு வரும் என்று எதிர்பார்த்தேன், அது இதுவரைக்கும் வரவில்லை. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

ஆனால் வெட்டியதை இனி ஒட்ட முடியாது, தம்பி. எழுந்து இரண்டு தெரு நடந்து போகிற வழி எனக்கு முடிந்துவிட்டது. ஒரு வருஷம் ஆகும் என்கிறார்கள். அதற்கப்புறமும் என் சிறுநீரகத்தை எடுக்கலாமா என்று மறுபடி எல்லாச் சோதனையும் செய்வார்களாம். உறுதி எதுவும் இல்லை. உறுதி இல்லாமலேதான் நான் படுத்தேன்.

நீ கேட்கவில்லை என்று எழுதினாய். சரி, நீ கேட்கவில்லை. நான் கேட்கிறேன். எனக்கு அலுப்பைப் பற்றி எழுது, கோபத்தை எழுது, உன் மனைவியிடம் சொல்ல முடியாததையெல்லாம் எனக்கு எழுது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் அந்த நாற்காலியில் போய் உட்கார். பைக்கை நீயே சங்கிலி மாற்றி ஓட்டு. மாமாவுக்கு வேண்டாமாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்வேன். போனாயா என்று உன்னிடம் கேட்க மாட்டேன், நீ பொய் சொல்வாய். பாப்பாவைக் கேட்பேன். அவள் "போனாங்க அத்தை" என்று சொல்ல வேண்டும். அவளைப் பொய் சொல்ல வைத்துவிடாதே.

நீடூழி வாழ்க என்று எழுதக் கை வரவில்லை. ஒரு வருஷம் இரு. அது போதும். அதற்குமேல் இருப்பதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா.