மூன்றாவது தரப்பின் கையெழுத்து

கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலேயே தூங்கிப்போன என் அப்பாவுக்கு,

இன்றைக்கும் மூடுபனி இரண்டு மணிக்கே வகுப்புக்குள் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி பெஞ்சு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்போது, நீங்கள் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்படி நினைத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

குன்னூர் பள்ளியில் நான் எடுக்கும் பாடம் உங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்பதை பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன் என்றேன். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஆளுக்கொரு நாடாகப் பேசி, ஒப்பந்தம் எழுதினால் ஐம்பது மார்க் என்றேன். டீ ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த நீங்கள், தூள் ஒட்டிய விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"பேசுறதுக்கு மார்க்கா? அப்ப நம்மள வச்சுப் பேசுனாங்களே, அவங்களுக்கு எவ்வளவு போட்டாங்க புள்ள?"

அதெல்லாம் சிலபஸில் இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நீங்கள் அதை அன்றே மறந்திருப்பீர்கள். நான்தான் இன்னும் அதே இடத்தில் நிற்கிறேன்.

இந்த வருடம் அதையே பயிற்சியாக வைத்தேன் அப்பா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனங்களை இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்ட கதை. பத்தொன்பது வயதில் நீங்கள் கப்பலேறி, கீழ் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்கில்தான் என்று பிள்ளைகளிடம் நான் மூச்சுவிடவில்லை. ஊர் எது என்று யார் கேட்டாலும் கோத்தகிரி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவள்தானே நான். பாடத்துக்குள் சொந்தக் கதை கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவேன். என்ன எதிர்பார்க்கிறேன், எதற்கு எத்தனை மார்க், எல்லாம் அதில் இருக்கும். பத்து மார்க்குக்கு மட்டும் ஒரு விசேஷ விதி உண்டு. எதிர்த் தரப்பு என்ன கேட்டது என்பதை அந்தத் தரப்பே ஒத்துக்கொள்ளும்படி எழுதி, கீழே அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பூஜ்யம். என்னிடம் அரை மார்க்குக்குக் கெஞ்சினாலும் வேலைக்காகாது என்று பள்ளிக்கே தெரியும்.

கௌசல்யா என்று ஒரு பெண், கீழ் கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பயிற்சியில் அவளுக்கு வந்தது இலங்கை, ஜனங்களை அனுப்புகிற நாடு. மற்றதையெல்லாம் நன்றாகவே எழுதிவிட்டு, அந்தப் பத்து மார்க் பக்கத்தில், அனுப்பப்பட்ட ஜனங்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று எழுதியிருந்தாள். போகிற இடத்தில் என்ன வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள். நட்ட கிழங்கைத் தோண்டி எடுக்கும்வரை பொறுங்கள். அக்காவையும் தம்பியையும் ஒரே பட்டியலில் போடுங்கள்.

ஜோடியாக உட்கார்ந்த பையன், என் நாடு இதையெல்லாம் கேட்கவே இல்லை என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. நான் பூஜ்யம் போட்டேன். மொத்தம் முப்பத்தைந்து. நாற்பது இல்லாவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பாடத்தில் தொடர முடியாது. அவளுக்கு இந்தப் பாடம் என்றால் உயிர்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"எதிர்த் தரப்புன்னு போட்டிருந்தீங்க மிஸ். ரெண்டு நாடும் கை குலுக்கிட்டுப் போயிட்டாங்க. எதிர்ல நின்னது அந்த ஜனங்கதானுங்களே?"

அந்த அக்கா வரியை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, எங்கள் தோட்டத்து லைனில் எல்லார் ஊட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா உண்டு என்றாள். அப்பா, அங்கேயே நின்றுவிட்ட உங்கள் அக்காவை, நான் பார்த்தேயிராத என் அத்தையைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு தடவைதான் பேசினீர்கள். அதையும் நான் பாதியில் விட்டுவிட்டு வேறெதையோ எடுக்கப் போனேன். என்ன எடுக்கப் போனேன்?

மூன்று நாள் அந்தத் தாளைப் பையிலேயே சுமந்தேன். மூன்றாம் நாள் கோத்தகிரி பஸ்ஸில் கண் அசந்துவிட்டது. கனவில் நீங்கள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தீர்கள், கால்சட்டை போட்ட பையனாக. ஏதோ சொல்ல வேண்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தீர்கள். இரு, உன் முறை வரட்டும் என்றேன். மணி அடித்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது, உள்ளே யாரும் இல்லை, டிரைவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில், தப்பு என் தாளில் என்று சொன்னேன். மூன்று தரப்பு இருந்த இடத்தில் நான் இரண்டே நாற்காலி போட்டிருக்கிறேன் என்றேன். விரும்புகிறவர்கள் அந்தப் பத்து மார்க்கை மூன்றாவது தரப்புக்காக மறுபடி எழுதலாம். ஆனால் விதி விதிதான், அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எப்படி எழுதுவது என்று காட்ட கௌசல்யாவின் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அதே தாளோடு அவள் என் மேஜைக்கு வந்தாள். தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பா வேலைக்குத் திருப்பூர் போயிருக்கிறார், ஊட்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றாள். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க மிஸ். அக்கான்னு வந்த வரியில நிறுத்திட்டீங்க. அப்பவே தெரிஞ்சிருச்சு."

பிள்ளைகள் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், நானும்தான் என்று சொல்ல எனக்கு நாற்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன் அப்பா. நானே போட்டுவிட்டு நானே திருத்துவது நியாயமில்லை என்பதால் வரலாறு எடுக்கும் மேரி டீச்சரிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழைக்கு இரண்டு குறைத்து எட்டு போட்டார். நாற்பத்து மூன்று. கௌசல்யா அந்த இரண்டு மார்க்குக்கு அவரோடு சண்டைக்குப் போனாள்.

அவங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டாங்க என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் அடுத்த ஜூனில், தாளைக் கொடுப்பதற்கு முன்னாலேயே நான் எங்கிருந்து வந்தவள் என்று சொல்லிவிடுவேன். அத்தை பெயரையும் சொல்வேன். அதற்கு முதலில் அந்தப் பெயர் என்ன என்று தேடிக் கண்டுபிடிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கௌசல்யாவின் தாளில் வெறும் பெயரோடு நிறுத்த முடியவில்லை. அங்கே என்ன போட்டேனோ, அதையே இங்கேயும் போடுகிறேன்.

செல்வி,
மாத்தளையிலிருந்து கப்பலேறி வந்த சுப்பையாவின் மகள்.