ஃபிரேமுக்குள் உன் இங்கிலீஷ்

போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒரு ஃபிரேம் கொடுத்தார்கள். முதலில் சால்வை, அப்புறம் பழத்தட்டு, கடைசியில் கண்ணாடி போட்ட பாராட்டு மடல். சாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மேல்தாளைக் கிழித்ததும் புது வார்னிஷ் வாசனை அடித்தது. இங்கிலீஷில் எட்டே வரி. மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, அது நீ எழுதியது. நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் உன் வரிகளைத்தான் பெயர் மாற்றி மாற்றி எங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஆபீஸில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது நீதான். தமிழில் எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதாம், அதனால் இங்கிலீஷ்தான் வேண்டும் என்பார் மேனேஜர். மில் தொழிலாளி மகள் நீ. ஒரு பழைய டிக்ஷனரியைத் தேயத் தேயப் புரட்டிச் சேர்த்த இங்கிலீஷ் அது. பாராட்டவும் வாழ்த்தவும் அந்த பாஷையில் இருக்கிற வினைச்சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாய், பதவிவாரியாக.

"டைரக்டருன்னா ஃபெலிசிடேட். சூப்பிரண்டுக்கு அப்ளாட். நம்மள மாதிரி கிளார்க்குக்கு கங்கிராஜுலேட். வாட்ச்மேனுக்கு அப்ரிஷியேட். பெருக்கறவங்களுக்கு வெறும் தேங்க்ஸ், அதுவும் வாயால," என்று விரலை மடக்குவாய். "நான் போட்ட சட்டம் இல்லடி இது. ஒரு படி தூக்கிக் குடுத்தா மேனேஜரு அடிச்சுத் திருப்பி அனுப்புறாரு."

ஒரே ஒரு முறை மீறினாய். காலமெல்லாம் கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கு, உங்களை சல்யூட் செய்கிறோம் என்று எழுதினாய். மேனேஜர் சிவப்பு மையால் அடித்தார். "அவன்தாம்மா நமக்கு சல்யூட் அடிக்கணும்!" நீ அப்ரிஷியேட் என்று டைப் அடித்துக் கொடுத்தாய். விழா முடிந்த சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், நீ முதலில் எழுதிய தாளை நாலாக மடித்து அந்த வாட்ச்மேனிடம் கொடுத்ததைப் பார்த்தேன். "இதான் அசல். வெச்சுக்குங்க," என்றாய். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

உன் முறை வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே, டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாய். "எனக்கு நீ எழுதுடி. கிளார்க்கு வார்த்தையே போதும். ஆனா நீயே யோசிச்சு எழுதணும்." இத்தனை வருஷப் பழக்கத்தில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எழுதறேன் என்றேன்.

எழுதவில்லை. நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொறாமை. உன் இங்கிலீஷைப் பற்றி ஆபீஸே பேசியது. பக்கத்து மேஜையில் கிடந்த என்னைப் பற்றி ஒருவர்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. விழாவுக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில், நீ சூப்பிரண்டுக்கு எழுதிய பழைய மடலைத் திறந்தேன். அவர் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டேன். கடைசிவரை படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கே பரிமாறியவளுக்கு எச்சில் இலையைப் போட்டேன்.

மேனேஜர் மைக்கில் வாசித்தார். உங்கள் பணிக்குத் துணை நின்ற அன்பு மனைவியையும் அப்ளாட் செய்கிறோம் என்று முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கல்யாணமே செய்துகொள்ளாமல் அரியாங்குப்பத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. உனக்கு மனைவி! கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னாய்: "சூப்பிரண்டுக்கு எழுதினதுதான? நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?"

திட்டியிருக்கலாம் நீ. "தப்பாப் போயிட்டுதுடி," என்றேன். மன்னிப்பு என்று வாயில் வரவில்லை.

"பரவால்ல வுடு. அம்மாவுக்கு மாத்திரை குடுக்கணும், போறேன்," என்று ஏறிவிட்டாய். அதற்குப் பிறகும் போனில் பேசினோம். மழை, முழங்கால் வலி, மீன் விலை எல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை.

உன் சாவுக்கு வந்தபோது உன் வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்த ஃபிரேம் மாட்டியிருந்தது. மடலை உருவிவிட்டு, உனக்கு முன்னால் போய்விட்ட உன் அம்மாவின் படத்தை உள்ளே வைத்திருந்தாய். எனக்கு மாலை போடக் கை எழவில்லை.

இப்போது என் மடலில் 'அன்பு மனைவி'யை மறக்காமல் 'அன்புக் கணவர்' என்று திருத்தியிருக்கிறார்கள். அந்த அளவில் என்னைவிட யோக்கியர்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நேற்றிலிருந்து கங்கிராட்ஸ், கங்கிராட்ஸ் என்று போன் ஓயவில்லை. எழுத்து ஒவ்வொன்றாக அடிக்கிற சிரமம்கூட யாருக்கும் இல்லை, பட்டனைத் தட்டினால் பூங்கொத்தோடு போகிறது.

அந்த பஸ் ஸ்டாப்பில் நான் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால் போதும். என்ன வினைச்சொல் என்றுகூட யோசித்திருக்க வேண்டாம். உனக்கு எழுத அது ஒன்று என்னிடம் இருந்தது, அதை நான் எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி என்று மேனேஜர் வாசித்ததும் கூடம் ஒரு நொடி அமைதியாகத்தான் இருந்தது. முதலில் சிரித்தது நான், உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அப்புறம்தான் நீயும் சிரித்தாய்.